சமயபுரத்துக்கு மொட்டை என்று சொன்ன பிறகு

திருச்சிச் சீமையில் ஒரு குழந்தையின் மொட்டைத் தலை யாரையும் திடுக்கிட வைப்பதில்லை. துவரங்குறிச்சி பஸ் நிறுத்தத்தில் எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அம்மாவின் மேல் சாய்ந்திருந்தால், பக்கத்தில் நிற்பவர் கேட்பது ஒரே கேள்விதான்: "சமயபுரமா, பழனியா?" அம்மா "சமயபுரம்" என்று சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் வேளாங்கண்ணி, முஸ்லிம் குடும்பம் என்றால் நாகூர். வேண்டுதலுக்கு முடி இறக்குவது எல்லாச் சமயத்தாருக்கும் பழகிப்போன மண் இது. அதனால் கீமோ மருந்தில் முடி கொட்டிய குழந்தைக்குச் சாமியே ஒரு மறைப்பைக் கொடுத்துவிடுகிறது. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ முடியில்லாத குழந்தை தெருவில் நடந்தாலே அதற்கு என்ன நோய் என்று பார்ப்பவர்களுக்குப் புரிந்துவிடும், இங்கே புரியாது. முதல் ஆறேழு மாதங்களுக்கு இது பெரிய ஆறுதல். உற்றுப் பார்க்கும் கண்களிலிருந்தும் "ஐயோ பாவம்" என்ற உச்சுக்கொட்டலிலிருந்தும் குழந்தை தப்பிக்கிறது. ஆனால் முடி திரும்ப முளைத்த பிறகும், மருந்து நின்ற பிறகும், "குணமாயிடுச்சு, இனிமே பயமில்ல" என்று டாக்டர் சொன்ன பிறகும் அந்தச் சின்னப் பொய் நிற்பதில்லை. பள்ளிக்கூடத்தில் அது வேறொரு காய்ச்சலாகிறது, பங்காளி வீட்டில் மஞ்சள்காமாலையாகிறது, பெண் பார்க்க வருகிறவர்களிடம் ஒன்றுமே இல்லாமல் போகிறது. சிறு வயதில் புற்றுநோய் வந்து பிழைத்தவர்களின் மனநலம் ஒரு சமூகத்துக்கும் இன்னொரு சமூகத்துக்கும் ஏன் வேறுபடுகிறது என்று கேட்டால், அந்தப் பொய்யை எத்தனை ஆண்டுகள் சுமக்கவேண்டியிருந்தது என்பதிலிருந்து விடை தேடத் தொடங்கவேண்டும் என்பது என் வாதம்.

இந்தக் கேள்வி அமெரிக்காவில் பிறந்தது. உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 4,00,000 குழந்தைகளுக்கும் பதின்பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பணக்கார நாடுகளில் அவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் குணமாகிறார்கள். குணமானவர்கள் பெருகப் பெருக, பிழைத்த பிறகு அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்கவேண்டிய கடமையும் வந்தது. 1994-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'குழந்தைப் பருவப் புற்றுநோயிலிருந்து பிழைத்தோர் ஆய்வு' 1970-க்குப் பின் நோய் கண்டறியப்பட்டு, ஐந்தாண்டு தாண்டி வாழ்ந்த ஆயிரக்கணக்கானோரைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கேள்வி கேட்டு வருகிறது. அதன் பொதுவான செய்தி நல்ல செய்திதான்: பெரும்பாலோர் மனத்தளவில் நலமாகவே இருக்கிறார்கள். ஆனால் ஒரு கணிசமான சிறுபான்மையினர், குறிப்பாக மூளைக் கட்டிக்குச் சிகிச்சை பெற்றவர்களும் தலைக்குக் கதிர்வீச்சு வாங்கியவர்களும், வேலையிலும் திருமணத்திலும் மனத்திலும் பின்தங்குகிறார்கள். அந்தச் சிறுபான்மையில் இன வேறுபாடு உண்டா என்று தேடியபோது கிடைத்த விடைகள்தான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தன.

2005-இல் இந்த ஆய்விலிருந்து காஸ்டெலினோவும் அவருடைய குழுவினரும் எழுதிய கட்டுரை வெளிவந்தது. வருமானம், படிப்பு, காப்பீடு ஆகியவற்றைச் சமன்செய்து பார்த்தபோது, மனநலக் குறைவு இருப்பதாகச் சொன்னவர்கள் கறுப்பினத்தவரிடையே வெள்ளையரைவிடக் குறைவாக இருந்தார்கள். மேலோட்டமாகப் படித்தால் இது மகிழ்ச்சியான முடிவு. பல தலைமுறைத் துன்பத்தில் உரம் ஏறிய சமூகம், இதையும் தாங்கிக்கொண்டது என்று சொல்லிவிடலாம். ஆனால் ஆய்வாளர் அளந்தது மனத்தை நேரடியாக அல்ல. மனத்தைப் பற்றித் தாளில் எழுதித் தரப்பட்ட பதிலை. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லப் பழகிய சமூகமும், "எனக்கு முடியல" என்று சொல்ல இடம் உள்ள சமூகமும் ஒரே கேள்விக்கு ஒரே மாதிரி பதில் தருவதில்லை. பத்தாண்டு கழித்து, 2016-இல், அதே ஆய்வின் தரவுகளைக் கொண்டு இன்னொரு குழு மரணம், இரண்டாம் புற்றுநோய், நாட்பட்ட நோய்கள் ஆகியவற்றில் இன வேறுபாட்டைத் தேடியது. முதலில் தெரிந்த வேறுபாடுகளில் பல, பொருளாதார நிலையையும் ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற இதயநோய்க் காரணிகளையும் கணக்கில் கொண்டவுடன் கரைந்தன. வாங்கிய சிகிச்சை வேறுபட்டதால் வந்த இடைவெளி அது இல்லை என்பதும் தெளிவானது. அந்த ஆய்வில் வெள்ளையர்கள் 12,000-க்கு மேல். கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும் தலா 800-க்கும் குறைவு. ஆசியர் என்று ஒரு பத்தியே அந்தக் கணக்கில் இல்லை.

இருந்திருந்தால் மட்டும் நமக்கு என்ன தெரிந்திருக்கும்? 'ஆசியர்' என்ற ஒரு கட்டத்துக்குள் ஜப்பானியரையும் தமிழரையும் சேர்த்து அடைப்பார்கள். தமிழரையே எடுத்துக்கொள்வோம். ஒரே மாவட்டத்தில், ஒரே மொழி பேசும் இரண்டு ஊர்கள் ஸ்ரீரங்கமும் மருங்காபுரியும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள தீவில் தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூடமும் உத்தியோகமும் உண்டு. ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது சென்னை. மருங்காபுரி வட்டமோ பழைய ஜமீன் பூமி, காவிரித் தண்ணீர் எட்டாத மேட்டு நிலம், வானம் பார்த்த காடு. மணப்பாறை ரயில் நிலையத்துக்கு வருவதற்கே பஸ் பிடிக்கவேண்டும். அந்த வட்டத்துக்குள்ளேயே வீட்டில் தெலுங்கு பேசும் கம்பளத்து நாயக்கர்கள் இருக்கிறார்கள், முஸ்லிம்கள் இருக்கிறார்கள், பட்டியல் சாதியினர் இருக்கிறார்கள், நிலம் வைத்திருக்கும் சாதிகளும் கூலிக்குப் போகும் சாதிகளும் இருக்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் 'இனம்' என்று தேடுவதற்கு நம் ஊரில் நேர்ச்சொல் கிடையாது. சாதி, ஊர், மொழி, சமயம், ஆண் பெண் என்று அது ஐந்தாறாகப் பிரிந்து கிடக்கிறது. இப்படிப் பிரிந்து கிடப்பதில் ஒரு நன்மையும் உண்டு. பெயரைப் பார்த்து 'இவர்கள் இப்படித்தான்' என்று முடிவு கட்டாமல், பெயருக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கை ஏற்பாடுகளில் எது மனத்தைத் தின்கிறது என்று பார்க்க அது நம்மைக் கட்டாயப்படுத்துகிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியே இவ்வளவு தாமதமாக வருவதற்குக் காரணம், பிழைத்தவர்கள் என்று ஒரு கூட்டம் உருவானதே அண்மையில்தான். 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியபோது, குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்றால் நாள் எண்ணுவதுதான் வழி. 1980-களில் சென்னை அடையாறு, மும்பை டாட்டா, டெல்லி எய்ம்ஸ் ஆகிய மூன்று இடங்களும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து 'எம்.சி.பி. 841' என்ற ஒரே சிகிச்சை முறையைக் கையாளத் தொடங்கின. இருபது ஆண்டு அனுபவத்தை 2005-இல் அடையாறு மருத்துவமனையின் டாக்டர் சாந்தா உள்ளிட்டோர் எழுதி வெளியிட்டார்கள். நம்மைப் போன்ற நாட்டிலும் இந்தக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோரைக் காப்பாற்ற முடியும் என்பது அதனால் உறுதிப்பட்டது. அன்றைய முறையில் தலைக்குக் கதிர்வீச்சும் உண்டு. நம் சனங்கள் "கரண்டு வச்சாங்க" என்று சொல்வது அதைத்தான். அன்று பிழைத்த குழந்தைகளுக்கு இன்று முப்பது, நாற்பது வயது. மும்பை டாட்டா மருத்துவமனை 1991-இலேயே சிகிச்சை முடிந்தவர்களுக்கென்று தனிக் கிளினிக் திறந்தது. பிழைத்தவர்களே ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் 'உகம்' என்ற அமைப்பு 2009-இல் அதே நகரத்தில் உருவானது. பெருநகரத்தில் அப்படி முகம் காட்டிக் கூடமுடிகிறது. மருங்காபுரி வட்டத்தில், ஒரு கிராமத்துக்கு ஒருவர்கூட இல்லாத நிலையில், யாரோடு போய்க் கூடுவது?

சிகிச்சைக் காலத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கவேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் மனச்சுமைக்கு விதை அங்கேதான் விழுகிறது. குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து இரண்டரை முதல் மூன்று ஆண்டுகள். முதல் சில மாதங்கள் ஆஸ்பத்திரியே வீடு; முதுகுத்தண்டில் ஊசி, எலும்பு மஜ்ஜை எடுத்துச் சோதனை, ஸ்டீராய்டால் உப்பிய முகம். பிறகு வீட்டில் மாத்திரை, மாதத்துக்கொரு பயணம். 2009-இல் தொடங்கி 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக வடிவெடுத்த ஏற்பாடு மருந்துச் செலவின் பெரும் பகுதியை ஏற்கிறது. ரயிலில் நோயாளிக்கும் துணைக்கும் சலுகை உண்டு. இரண்டும் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும் மாதங்களில் போகும் கூலியையும், விற்ற ஆட்டையும், பாட்டி வீட்டில் விடப்பட்ட அண்ணன் தங்கைகளின் ஏக்கத்தையும் எந்தத் திட்டமும் ஏற்பதில்லை. குழந்தைக்கு இது புரியும். "உனக்காகத்தான் எல்லாத்தையும் வித்தோம்" என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவேண்டியதில்லை; தொழுவம் காலியாக இருப்பதைப் பார்த்தாலே போதும். திரும்பிப் பள்ளிக்கூடம் போனால் கூடப் படித்தவர்கள் இரண்டு வகுப்பு மேலே. கல்வி உரிமைச் சட்டம் 14 வயது வரை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. சேர்த்தாலும், விட்டுப்போன கணக்கையும் இங்கிலீஷையும் கற்றுத்தர ஸ்ரீரங்கத்தில் டியூஷன் கிடைக்கும், மேட்டுக்காட்டுக் கிராமத்தில் கிடைக்காது. தலைக்குக் கதிர்வீச்சு வாங்கிய பிள்ளைக்கு நினைவும் கவனமும் மந்தப்படலாம் என்பது மருத்துவம் அறிந்த விஷயம். வாத்தியாருக்கு நோயே சொல்லப்படாதபோது அந்தப் பிள்ளை வகுப்பில் 'மக்கு' என்ற பெயரோடு உட்காருகிறது. மறைப்பு கேட்கும் முதல் விலை இது.

மறைப்பின் கனம் கூடுவது பருவ வயதில். ஆணானாலும் பெண்ணானாலும் திருமணப் பேச்சு வரும்போதுதான் குடும்பம் பழைய ஃபைலை எங்கே ஒளித்துவைப்பது என்று யோசிக்கிறது. பெண்ணுக்கு இது பல மடங்கு. குழந்தை பிறக்குமா, நோய் திரும்புமா, பிறக்கும் குழந்தைக்கும் வருமா என்ற மூன்று கேள்விகளுக்கும் பயந்து, கேள்வியே எழாமல் பார்த்துக்கொள்கிறார்கள். தங்கைக்கும் வரன் தட்டிப்போகும் என்ற பயம் வேறு. "ரத்தத்துலயே இருக்கு" என்ற ஒரு சொல் போதும். உண்மையில் குழந்தைப் புற்றுநோய்களில் பரம்பரைக் காரணம் தெரிவது பத்தில் ஒன்று அளவுக்குத்தான். விழித்திரைப் புற்றுநோய் போன்ற சிலவற்றில் மட்டும் பரம்பரை வடிவம் கணிசம். அங்கே அடுத்த தலைமுறைக் குழந்தையின் கண்ணைப் பிறந்தவுடன் பரிசோதிக்கவேண்டியிருப்பதால் மறைப்பதே ஆபத்து. இங்கேதான் சமூகத்துக்குச் சமூகம் வேறுபாடு நுழைகிறது என்று நினைக்கிறேன். அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று உறவுக்குள் பெண் கொடுத்து எடுக்கும் வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கும் சமூகங்களில், குழந்தைக்கு என்ன வந்தது என்று உறவுக்காரர் எல்லோருக்கும் முன்பே தெரியும். ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்தவரே மாமனாராக வரலாம். அங்கே மறுப்பும் ஏற்பும் வெளிப்படையாக நடந்துமுடிகின்றன. வலித்தாலும் பயந்துகொண்டே காலம் தள்ளவேண்டியதில்லை. உறவுக்கு வெளியே, தரகர் மூலமோ மேட்ரிமோனி மூலமோ சாதிக்குள் வரன் தேடும் சமூகங்களில், குறிப்பாகப் படித்து ஒரு படி மேலே ஏறிய குடும்பங்களில், ரகசியம் கட்டாயமாகிறது. அதைக் காப்பதும் அந்தப் பெண்ணின் ஆயுள் வேலையாகிறது. இது உண்மையானால் மனச்சுமை ஏழ்மையோடு நேர்கோட்டில் கூடிக் குறையாது. கூலிக் குடும்பத்துப் பெண்ணைவிடக் கொஞ்சம் வசதியான வீட்டுப் பெண் அதிகம் தவிக்கலாம். இதை என் கருதுகோளாகவே வைக்கிறேன். கேட்டுப் பார்த்தால் உறுதிப்படும் அல்லது உடைந்துபோகும்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் சிக்கல். அமெரிக்க ஆய்வு பயன்படுத்தும் வினாத்தாளில் 18 கேள்விகள். மனச்சோர்வு, பதற்றம், உடம்பில் தெரியும் மனவலி என்று மூன்று பகுதி. குழந்தைகளின் மனத்தையும் நடத்தையையும் அளக்கும் சில உலகப் புகழ்பெற்ற வினாத்தாள்கள் தமிழிலும் கிடைக்கின்றன. ஆனால் மருங்காபுரிப் பக்கத்து இருபது வயதுப் பையனிடம் "மனச்சோர்வு உண்டா?" என்று கேட்டால் "இல்லங்க" என்பான். அவன் மொழியில் அது "மனசே சரியில்ல", "ஒரு மாதிரியா இருக்கு", "எதுலயும் பிடிப்பு இல்ல". அதைவிட அதிகமாக உடம்பின் வழியாகச் சொல்வான்: நெஞ்சு படபடங்குது, தலை பாரமா இருக்கு, கை கால் ஓஞ்சு போகுது. இதில் ஒரு பொறி இருக்கிறது. டாக்சோரூபிசின் போன்ற சிவப்பு மருந்து வாங்கியவர்களுக்கு இதயத் தசை பின்னாளில் தளரலாம். அப்போதும் நெஞ்சு படபடக்கும், கை கால் ஓயும். மனவலியை இதயநோய் என்றும் இதயநோயை மனவலி என்றும் மாற்றி எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. அடையாறு மருத்துவமனையின் உளவியல் துறையினர் வெளிநாட்டு வினாத்தாளை மொழிபெயர்ப்பதோடு நிற்காமல், நம் நோயாளிகளுக்கென்றே வாழ்க்கைத்தர வினாத்தாள் ஒன்றை உருவாக்கிச் சோதித்து வெளியிட்டிருக்கிறார்கள். அந்த வழியில் பிழைத்த குழந்தைகளுக்கென்று ஒன்று எழுதவேண்டும். அதில் முதல் கேள்வி என்னைக் கேட்டால் இப்படி இருக்கவேண்டும்: "உங்களுக்கு வந்தது என்ன நோய் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்களில் யாரிடம் அதைப் பற்றி இப்போது பேசுவீர்கள்?" லாஸ் ஏஞ்சலஸில் ஹிஸ்பானிய இளைஞர்களிடம் செய்த ஆய்வுகள் இனப் பெயரோடு நிற்காமல், வீட்டில் என்ன மொழி, எந்தப் பண்பாட்டோடு பிணைப்பு, கோயிலுக்குப் போவதுண்டா என்று கேட்டதால்தான், நோய்க்குப் பின் மனம் வளர்ச்சி காண்பதற்கும் இவற்றுக்கும் உள்ள தொடர்பைக் காண முடிந்தது.

என் வாதத்துக்கு எதிர்வாதங்கள் உண்டு; அவற்றில் ஒன்று எனக்கே நெருக்கமானது. நம் குடும்பம் குழந்தையைத் தனியாக விடுவதில்லை. வார்டில் அம்மா இரவெல்லாம் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுக்கிறாள், சித்தப்பா ரத்தம் கொடுக்கிறார், பாட்டி நேர்ந்துகொள்கிறாள். "மறுபிறவி எடுத்து வந்த பிள்ளை" என்று வீடே கொண்டாடுகிறது. இப்படிப்பட்ட அரவணைப்பு உள்ள இடத்தில் வெள்ளைக்காரரின் மனநோய்க் கணக்கை ஏன் கொண்டுவருகிறீர்கள் என்று கேட்பார்கள். அரவணைப்பு உண்மை, அதன் பலமும் உண்மை. சிகிச்சையை நடுவில் விடாமல் முடிப்பதற்கே அதுதான் காரணம். ஆனால் அணைக்கும் அதே கைதான் வாயையும் பொத்துகிறது. "சாமி காப்பாத்துச்சு, இனிமே அதப் பத்திப் பேசாத" என்பது அன்பில் வரும் சொல். பத்து வயதில் நடந்ததை இருபது வயதில் பேச அனுமதி இல்லாத பிள்ளை, தனக்கு நடந்தது பேசக்கூடாத அளவுக்குக் கேவலமானது என்றுதான் புரிந்துகொள்ளும். அது மட்டுமில்லை, பல வீடுகளில் பிள்ளைக்கே நோயின் பெயர் சொல்லப்படுவதில்லை. 'ரத்தத்துல வெள்ளை அணு கூடிடுச்சு' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பில் தன் பழைய சீட்டைத் தானே படித்துத் தெரிந்துகொள்ளும் பிள்ளைக்கு அந்த நோயோடு வீட்டார் மறைத்ததும் சேர்ந்து தெரியவருகிறது.

எல்லாமே ஏழ்மைதான், சாதியை ஏன் இழுக்கிறீர்கள் என்பது இன்னொரு வாதம். 2016 ஆய்வே அப்படித்தானே சொல்கிறது என்பார்கள். பொருளாதாரத்தைச் சமன்செய்தால் வேறுபாடு கரைகிறது என்பதற்கு, வேறுபாடு பொய் என்று பொருள் கிடையாது. அது எந்த வழியாக வந்தது என்று காட்டுகிறது, அவ்வளவுதான். நிலம் யாரிடம், யார் வீட்டில் முதல் பட்டதாரி எப்போது வந்தார், ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் எதிர்க்கேள்வி கேட்கும் தைரியம் யாருக்கு என்பதையெல்லாம் சாதியிலிருந்து பிரித்து எடுக்க நம் ஊரில் முடியாது. ஆண் பெண் விஷயத்தில் இதே பாடத்தை ஏற்கெனவே கற்றிருக்கிறோம். 2023-இல் 'லான்செட் ஆன்காலஜி' இதழில் டெல்லி, மும்பை, சென்னை மருத்துவமனைகளின் பதிவேடுகளைக் கொண்டு வந்த ஆய்வு, புற்றுநோய்க்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்படும் குழந்தைகளில் ஆண்பிள்ளைகள் எவ்வளவு கூடுதல் என்பதைக் காட்டியது. சென்னையில் அந்த இடைவெளி டெல்லியைவிடக் குறைவு. ஆண், பெண் என்று பதிவேட்டில் எழுதியிருந்ததால்தான் வராமல் போன பெண் குழந்தைகள் கண்ணுக்குத் தெரிந்தார்கள். எழுதாத சாதியும் எழுதாத ஊரும் அப்படித் தெரிவதில்லை. சாதியை ஆஸ்பத்திரியில் கேட்டால் அதுவே அவமானமாகாதா என்ற அச்சத்தை நான் மதிக்கிறேன். அதனால்தான் சிகிச்சை செய்யும் இடத்தில் கேட்காமல், பெயர் நீக்கிய ஆய்வில், சம்மதத்தோடு, நிலம், படிப்பு, தூரம், திருமண வழக்கம் ஆகியவற்றோடு சேர்த்துக் கேட்கவேண்டும் என்கிறேன்.

முதலில் உயிரைக் காப்பாற்றுங்கள், மனசை அப்புறம் பார்க்கலாம் என்ற வாதத்தில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 50,000 குழந்தைகளுக்குப் புற்றுநோய் வருகிறது. அதில் கண்டுபிடிக்கப்படாமலே போகிறவர்கள் எத்தனையோ. ஆனால் மறைப்பும் உயிரும் தனித்தனி விஷயமில்லை. ரகசியம் காக்கும் குடும்பம் முதலில் விடுவது வருடாந்தரப் பரிசோதனையை. நல்ல நாளில் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஊர்க்காரர் யாராவது பார்த்துவிட்டால்? கல்யாணமான பெண் மாமியாரிடம் என்ன சொல்லிவிட்டு சென்னைக்குப் போவாள்? பரிசோதனைக்குப் போகாதவருக்கு இதயம் தளர்வது தெரியாது, தைராய்டு குறைவது தெரியாது, கதிர்வீச்சு பட்ட இடத்தில் புதிதாக ஒரு கட்டி வந்தால் தெரியாது. மனத்தைப் பார்க்காமல் உயிரைத் தொடர்ந்து காப்பது நடக்காது.

செய்யக்கூடியவை சில, பெரிய செலவில்லாதவை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு தேடி வருகிறது. சர்க்கரை நோயாளிக்கு அது வரம். ஆனால் பிழைத்த பெண்ணின் வாசலில் சுகாதாரத் தன்னார்வலர் வந்து நின்றால், பத்து வருட ரகசியம் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே இவர்களை வீட்டில் போய்த் தேடக்கூடாது. தொலைபேசிதான் பொருத்தம்; 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் பேசுகிறவர்களுக்கு, குழந்தைப் புற்றுநோயிலிருந்து பிழைத்தவரின் பயங்கள் என்னென்ன என்று ஒரு நாள் பயிற்சி கொடுத்தாலே பெரிய மாற்றம். சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளை ஏற்கிறது. தலசீமியாவும் ஹீமோஃபிலியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. எலும்புப் புற்றுநோயில் காலை இழந்தவருக்கு அட்டை கிடைக்கும். ரத்தப் புற்றுநோயில் பிழைத்து, நினைவும் இதயமும் தளர்ந்தவரின் பெயர் எங்கேயும் இல்லை. பிரான்ஸில் 2016 முதல் 'மறக்கப்படும் உரிமை' என்றொரு சட்டம் இருக்கிறது. சிகிச்சை முடிந்து குறிப்பிட்ட ஆண்டுகள் ஆனபின், கடனுக்கான காப்பீடு எடுக்கும்போது பழைய புற்றுநோயைச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. 2022-இல் அந்தக் காலம் ஐந்தாண்டாகக் குறைக்கப்பட்டது. அங்கே சொல்லாமலிருப்பது ஓர் உரிமை, சட்டம் அதற்குத் துணை. இங்கே சொல்லாமலிருப்பது பயம், அதற்குத் துணை யாருமில்லை. ஒரே மௌனம்தான், ஆனால் அதற்குள் வாழ்கிறவரின் மனம் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்க முடியாது.

சிகிச்சை முடிந்த அன்று கொடுக்கவேண்டிய ஒரு தாள் இருக்கிறது: என்ன நோய், என்னென்ன மருந்து, மொத்தம் எவ்வளவு அளவு, தலைக்குக் கதிர்வீச்சு உண்டா, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை எக்கோ எடுக்கவேண்டும் என்பதெல்லாம் ஒரே பக்கத்தில். அதைத் தமிழில், பிள்ளைக்கே புரியும்படி எழுதி, பதினெட்டு வயதில் அம்மாவின் கையிலிருந்து பிள்ளையின் கைக்கு மாற்றிக்கொடுத்து, யாரிடம் எப்போது காட்டலாம் என்று உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டும். இப்போது அந்த விவரங்கள் எல்லாம் பழைய ஃபைலில், கட்டைப்பையில் சுற்றி, தகரப் பெட்டியின் அடியில் பட்டுப் பாவாடைக்குக் கீழே கிடக்கின்றன. பெண் கல்யாணமாகிப் போகும்போது சீர்வரிசையோடு பித்தளை அண்டா போகிறது, பீரோ போகிறது. அந்தப் பை மட்டும் பிறந்த வீட்டிலேயே தங்கிவிடுகிறது. முதல் பிரசவத்துக்கு அவள் போகிற ஆஸ்பத்திரி டாக்டருக்கு, வலி தொடங்கும் முன்பே, அந்தப் பையில் இருக்கும் சிவப்பு மருந்தின் அளவு தெரிந்தாகவேண்டும்.